தூளியும் கடிகாரமும்

அரசர்கள் பிறந்த நாளும் முடிசூடிய நாளும் வரலாற்று நூல்களில் இடம்பெற்றுள்ளன. அவர்கள் வென்ற போர்களும் அளித்த நிவந்தங்களும் கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால், அவ்வரசர் ஒன்றரை வயதுக் குழந்தையாய் இருந்தபோது இரவில் எத்தனை முறை விழித்து அழுதார், மீண்டும் அவரைத் துயில வைத்தவர் யார், அப்பொழுது அவர் கையாண்ட வழி யாது என்பதை எந்தக் கல்வெட்டும் கூறுவதில்லை. மனித குலம் தோன்றிய நாள் முதல் ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு வீட்டிலும் நடந்துவரும் பணி இது. இதற்கென்று ஒரு பதிவேடு இல்லை என்பது, பதிவேடுகளோடே வாழும் நம்போன்றோர்க்கு வியப்பளிக்கிறது.

தலைநகரில் மத்திய அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மார்கழிப் பனியில் பின்னிரவு இரண்டு மணிக்கு எழுந்து சன்னல் வழியே நோக்கினால், எதிர்வரிசையில் ஏதேனும் ஒரு வீட்டில் விளக்கு எரியும். அவ்வீட்டில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞன் இருப்பான். இன்றேல் நடைபழகிய குழந்தை ஒன்று இருக்கும். 2015ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சரோஜினி நகரில் அவ்வாறு விளக்கெரிந்த வீடு நம்முடையது. மகளுக்கு அப்பொழுது வயது இரண்டு நிரம்பவில்லை. பதினொரு மணிக்கு ஒருமுறை, ஒரு மணிக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை எழுவாள். எழுந்தால் அழுகை மட்டுமன்று, விளையாட்டும் உண்டு. காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டிய பெற்றோர் இருவரும் முறைவைத்துத் தோளில் சுமந்து நடந்தோம். அவ்வாறு நடந்த இரவுகளில் எழுந்த கேள்விகளே பின்னர் நூலகத்துக்கு இட்டுச் சென்றன. இக்கட்டுரைக்கு முதல் அதுவே.

தமிழில் இவ்வரலாற்றுக்கு நல்ல தொடக்கம் உண்டு. ‘தால்’ என்பது நாக்கு. நாவை அசைத்து எழுப்பும் ஒலியால் குழந்தையைத் துயிற்றுவதால் தாலாட்டு என்று பெயர் வந்தது என்பர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் காப்பு, செங்கீரை ஆகிய இரண்டையும் அடுத்து வருவது தாலப் பருவம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கனைக் குழந்தையாக்கிப் பாடிய நூலே இவ்வகையில் நமக்குக் கிடைத்தவற்றுள் முதலாவது. ஆக, ஒரு சோழ வேந்தன் தொட்டிலில் கிடந்தான் என்பதற்கு இலக்கியச் சான்றேனும் உண்டு என்று நாம் ஆறுதல் கொள்ளலாம்.

அதற்கும் முன்னரே பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலிலிட்டு ஒரு திருமொழி முழுவதும் தாலேலோ பாடினார். அத்தொட்டிலைப் பிரமன் அனுப்புகிறான். பொன்னால் ஆனது அது. ஏனைய தேவர்கள் ஆளுக்கொரு அணிகலன் அனுப்புகின்றனர். அன்பர்கள் ஒன்றை நோக்குக. பரிசில் அனுப்பியவர் பலர். இன்றிரவு நான் பார்த்துக்கொள்கிறேன், நீ சற்றுக் கண்ணயர்வாய் என்று யசோதையிடம் சொன்னவர் ஒருவருமிலர். பெயர்சூட்டு விழாவுக்கு வந்து வெள்ளிக் கிண்ணம் கொடுத்துச் செல்லும் நம் சுற்றத்தாரை அப்பாசுரங்கள் நினைவூட்டுகின்றன என்றால் ஆழ்வார் பொறுப்பாராக.

குலசேகராழ்வாரோ மறுபக்கத்தைக் காட்டினார். அவர் தேவகியின் வாயிலாகப் பேசுகிறார். பெற்றவள் அவள், ஆனால் பெற்ற இரவிலேயே பிள்ளை யமுனையைக் கடந்து ஆய்ப்பாடிக்குச் சென்றுவிட்டது. கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடும் பேறு தனக்குக் கிட்டவில்லையே என்று அவள் புலம்புகிறாள். உறக்கம் கெடுவதை வருத்தமாகக் கருதும் நமக்கு, அவ்வுறக்கம் கெடும் வாய்ப்பே கிட்டாத ஒருத்தியின் துயரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பாடப்பட்டிருப்பது தெரியாது போயிற்று. ஊரில் இருந்துகொண்டு பேத்தியைத் தொலைபேசியில் மட்டுமே பார்க்கும் பாட்டிமார் அப்புலம்பலை நம்மினும் நன்கு உணர்வார்கள்.

நாட்டுப்புறத் தாலாட்டின் அமைப்பும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. குழந்தை அழுகிறது. யார் அடித்தார் என்று தாய் கேட்கிறாள். அத்தை, மாமன், பாட்டி என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டே போகிறாள். மாமன் கொண்டுவரும் சீர் தனிப் பட்டியலாக நீள்கிறது. அலுவலக மொழியில் சொன்னால் தாலாட்டு என்பது குடும்பத்தின் வருகைப் பதிவேடு. பாட்டில் பெயர் வரும் அனைவரும் அத்தெருவிலோ அடுத்த ஊரிலோ இருந்தனர். தாய் அயர்ந்தபோது அவர்களுள் ஒருவர் தூளியின் கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டனர். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இரண்டு அறை வீட்டில் நின்று அதே பாட்டைப் பாடுபவர்க்குப் பதிவேட்டில் அனைவரும் விடுப்பு.

தூளியைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். வட்டாரத்துக்கு ஏற்ப ஏணை என்றும் தூளி என்றும் வழங்கும் இதற்கு வேண்டுவன ஒரு பழைய நூற்சேலையும் ஒரு விட்டமும் மட்டுமே. பலமுறை துவைத்து மென்மையேறிய சேலை. தாயின் உடலின் வாசனை அதில் இருக்கும். வயலில் நடவு நடுபவள் வரப்போரத்து மரக்கிளையில் கட்டுவாள். சாலைப் பணிக்குச் சென்றவள் இரண்டு கம்புகளுக்கிடையே கட்டுவாள். குழந்தை அசைந்தால் தூளியும் தானே அசைந்து, பாதி விழித்த குழந்தையை மீண்டும் உறக்கத்துக்கு அனுப்பிவிடும். இன்றைய மருத்துவம் இதில் ஒரு திருத்தம் கூறுகிறது. ஓராண்டு நிரம்பாத சிசுவைத் தட்டையான உறுதியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு என்பது அது. 1994இல் அமெரிக்காவில் இதற்கெனப் பெரும் பிரச்சாரம் தொடங்கியபின் அங்குக் காரணமறியாச் சிசு மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. எனவே தூளியின் புகழைப் பாடும்போதும் சின்னஞ்சிறு சிசுவுக்கு அது பொருந்தாது என்பதை மறைக்கலாகாது. மகளுக்கு அப்பருவம் கடந்திருந்தது.

இனிக் கடிகாரத்துக்கு வருவோம். ஆலைச் சங்கு ஊதத் தொடங்கிய நாளில்தான் குழந்தையின் உறக்கம் பிறருக்குரிய சிக்கலாயிற்று. அதற்கு முன்னும் குழந்தைகள் இரவில் விழித்தன. ஆனால் காலை ஆறு மணிக்கு வாயிற்கதவு மூடப்படும் என்ற அச்சம் தாய்க்கு இருந்ததில்லை. இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் ‘காட்ஃப்ரேஸ் கார்டியல்’ என்றொரு மருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலிவாக விற்பனையாயிற்று. சர்க்கரைப் பாகில் அபின் கலந்தது அது. ஆலைக்குச் செல்லும் தாய், பல குழந்தைகளை ஒருசேரப் பார்த்துக்கொள்ளும் ஒரு மூதாட்டியிடம் தன் பிள்ளையை விட்டுச் செல்வாள். அவள் அனைவர்க்கும் ஒரு கரண்டி புகட்டிவிடுவாள். குழந்தைகள் அமைதியாய்க் கிடக்கும், சில எழுவதேயில்லை. எங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட தொழிலாளர் நிலை பற்றிய நூலில் இம்மருந்தைப் பெயர் குறித்தே சாடியிருக்கிறார்.

அமெரிக்காவிலும் இதே கதை. ‘மிசஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்’ 1849 முதல் விற்கப்பட்டது. அதில் இருந்தது மார்ஃபின். தாயும் சேயும் புன்னகை புரியும் வண்ணப்படங்களே அதற்கு விளம்பரம். 1906ஆம் ஆண்டு உணவு மருந்துச் சட்டம் உள்ளிருப்பதை வெளியில் அச்சிடுக என்று கட்டளையிட்ட பிறகே மக்களுக்கு உண்மை தெரியவந்தது. ஆங்கில இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் தம் இளமையில், 1878இல், மென்மையான குழலிசைத் துணுக்கு ஒன்றுக்கு இம்மருந்தின் பெயரையே சூட்டினார். வேடிக்கையாகத்தான் சூட்டினார், எனினும் எத்துணை வீடுகளில் அப்புட்டி இருந்திருந்தால் அவ்வேடிக்கை அனைவர்க்கும் விளங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நம் வீடுகளில் வழிவழியாய் இருந்துவந்த கிரைப் வாட்டரும் அக்காலத்துப் பிறப்பே. நாட்டிங்காம் நகரத்து மருந்தாளர் வில்லியம் உட்வர்ட் 1851இல் அதனை உருவாக்கினார். சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை ஆகியவற்றோடு சிறிதளவு சாராயமும் அதன் பழைய கலவையில் இருந்தது. அபின் இல்லை என்பதே பெரிய நிம்மதி. பிற்காலத்தில் சாராயமும் நீக்கப்பட்டது. அழுத குழந்தை அமைதியானதற்குக் காரணம் சதகுப்பையா சாராயமா என்று நம் பாட்டிமார் ஆராய்ந்ததில்லை.

இந்திய நாட்டில் ஆங்கிலேயர் எழுதிய குடும்ப நூல்களைப் புரட்டினால், சுதேசி ஆயா குழந்தைக்கு இரகசியமாக அபின் கொடுத்துவிடுவாள் என்ற அச்சம் தென்படும். ஆயா என்ற சொல்லே போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றது. ஆங்கிலக் குழந்தைகளைத் தாலாட்டிய ஆயாக்கள் கப்பலேறி இலண்டன் வரை சென்றனர். திரும்பி வருவதற்குப் பயணச்சீட்டு இன்றி அங்கே கைவிடப்பட்டவர்களும் உண்டு. அவர்களுக்கென ஹாக்னி பகுதியில் ஓர் இல்லம் இருந்தது. 2022இல்தான் அங்கே ஒரு நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. ஆயாவை ஐயுற்ற அதே காலத்தில் இங்கிலாந்தின் மருந்துக் கடைகளில் காட்ஃப்ரேஸ் புட்டி எவர்க்கும் எளிதிற் கிடைத்தது என்பதை அந்நூலாசிரியர்கள் எண்ணவில்லை போலும்.

ஆயினும் அபின் இந்தியத் தொட்டிலுக்கு வரவில்லை என்று நாம் தோள்தட்ட இயலாது. பம்பாய் ஆலைப் பகுதியில் அது வந்தது. ‘பால கோலி’ என்பது அதன் பெயர். குழந்தை மாத்திரை என்பது பொருள். அபின் கலந்த சிறு உருண்டை. ஆலைக்குப் போகுமுன் தாய் ஒன்றை வாயிலிட்டுவிட்டுச் செல்வாள். நண்பகல் இடைவேளை வரை குழந்தை அசையாது. பெண் தொழிலாளரின் மகப்பேறு நிலையை ஆராய பம்பாய் அரசு ஒரு பெண் மருத்துவரை நியமித்தது. 1922இல் வெளிவந்த அவருடைய அறிக்கை, ஆலைப் பெண்களின் குழந்தைகளுள் நூற்றுக்கு 98 குழந்தைகளுக்கு அபின் தரப்படுவதாகக் கூறிற்று. 1931இல் அறிக்கையளித்த விட்லி ஆணையமும் இதனைக் குறிப்பிட்டது.

நூற்றுக்கு 98 என்றால் அது சில தாய்மாரின் அறியாமை அன்று. ஓர் ஊரின் ஏற்பாடு. 1922ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்குப் பதினொரு மணி நேர வேலையை அனுமதித்தது. சுரங்கம் போன்ற ஒற்றை அறை. அதில் இரவு முறை முடித்து வந்து உறங்கும் ஆடவர். அருகே அழும் குழந்தை. கொங்கணத்திலும் சதாராவிலும் இருந்த பாட்டியை அத்தாய் பம்பாய்க்கு அழைத்துவர இயலவில்லை. பாட்டியின் இடத்தை அந்த உருண்டை நிரப்பியது. இதனைக் கொடுமை என்று எழுதிவிடுவது எளிது. நாம் அவ்வாறு எழுதத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லிவிடுகிறோம்.

2015 டிசம்பரில், மகள் மூன்றாம் வாரமாக இரவு விழித்துக்கொண்டிருந்தபோது, உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் பரிவோடு ஒரு யோசனை கூறினார். சளிக்குக் கொடுக்கும் சிரப்பில் அரைக் கரண்டி கொடுங்கள். சளி இருக்கிறதோ இல்லையோ, பிள்ளை காலை வரை எழாது. தம் வீட்டில் இரண்டு பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள் என்றார். வீட்டில் அத்தகைய புட்டி ஒன்று இருந்தது. இரண்டு இரவுகள் கொடுத்தோம். முதல் இரவு மகள் எழவில்லை. மூன்று வாரங்களில் முதன்முறையாக நாமும் உறங்கினோம். இரண்டாம் இரவுக்குப் பின் காலை ஒன்பதரை மணியாகியும் அவள் கண் திறக்கவில்லை. தூக்கி நிறுத்தினால் தலை தோளில் சரிந்தது. அன்று அலுவலகம் செல்லவில்லை. குழந்தை மருத்துவர் புட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். எத்தனை மில்லி என்று கேட்டார். நாம் கரண்டிக் கணக்குச் சொன்னோம். அவர் சினந்து பேசவில்லை. எந்தக் கரண்டி என்று மட்டும் கேட்டார். அதற்கு விடை கூற இயலவில்லை. மாலைக்குள் குழந்தை தெளிந்துவிட்டாள்.

குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது என்று புட்டியிலேயே அச்சிட வேண்டும் என மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் ஆணையிட்டது. நம் வீட்டுப் புட்டிக்கு எட்டாண்டு பிந்தி வந்த ஆணை அது. பட்டமும் படிப்பும் குளிர்பதனப் பெட்டியும் உடையோர், மூன்று வாரத் தூக்கமின்மையில் பம்பாய்த் தாயின் நிலைக்கு வந்துவிட்டோம். அவளுக்கேனும் ஆலைச் சங்கு இருந்தது.

மருந்துக்கு மாற்றாக மேலைநாட்டு மருத்துவர்கள் முன்வைத்தது ஒழுங்கு. நியூயார்க் குழந்தை மருத்துவர் லூதர் எம்மெட் ஹோல்ட் 1894இல் வினாவிடை வடிவில் ஒரு சிறு நூல் எழுதினார். தொட்டிலை ஆட்டுதல் தேவையற்றது, விடுதற்கரிய பழக்கமாகிவிடும் என்பது அவர் கருத்து. நியூசிலாந்தில் ட்ரூபி கிங் 1907இல் பிளங்கெட் சங்கத்தை நிறுவி, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையே பால், இரவில் இல்லை என்று விதித்தார். உளவியலார் ஜான் வாட்சன் 1928இல் எழுதிய நூலோ உச்சம். குழந்தையை அணைக்காதீர், மடியில் வைக்காதீர், காலையில் கைகுலுக்குங்கள் என்றார் அவர். இரண்டு வயது மகளிடம் காலையில் கைகுலுக்கிப் பார்த்தோம். அவள் அதை விளையாட்டென்று கொண்டு நாள் முழுதும் கை நீட்டினாள்.

1946இல் வெளிவந்த பெஞ்சமின் ஸ்பாக்கின் நூல் இவ்விறுக்கத்தைத் தளர்த்தி, பெற்றோர் தம் அறிவை நம்பலாம் என்றது. 1985இல் பாஸ்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர் இடைவழி ஒன்று கூறினார். குழந்தையை விழித்திருக்கும்போதே படுக்கையிலிடுக. அழுதால் சில நிமிடம் பொறுத்துச் சென்று தேற்றி மீள்க. பொறுக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக நீட்டுக என்பது அவர் முறை. 2006இல் திருத்திய பதிப்பில், பெற்றோருடன் படுத்துறங்கும் வழக்கத்தின்மீது தமக்கிருந்த கடுமையை அவரே குறைத்துக்கொண்டார். இம்முறை பலர்க்குப் பயன் தந்துள்ளது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது தனி அறையையும் தடித்த சுவரையும் எண்ணி எழுதப்பட்டது. அரசுக் குடியிருப்பில் ஏழாம் நிமிடத்தில் மேல்வீட்டிலிருந்து ஒருவர், பத்தாம் நிமிடத்தில் எதிர்வீட்டுப் பஞ்சாபி மூதாட்டி என்று கதவைத் தட்டுவார்கள். அம்மூதாட்டி ஒருநாள் நம்மிடம் எதுவும் கேளாமல் குழந்தையை வாங்கித் தம் தோளிலிட்டு வாசலில் நடக்கத் தொடங்கிவிட்டார். ஃபெர்பரின் அட்டவணையில் அவருக்கு இடமில்லை.

குவாதமாலா நாட்டு மாயா இனத் தாய்மாரையும் அமெரிக்கத் தாய்மாரையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 1992இல் வெளிவந்தது. அமெரிக்கக் குழந்தைகள் தனி அறையில் உறங்குவதைக் கேள்வியுற்ற மாயாத் தாய்மார் திடுக்குற்று இரங்கினராம். தம் குழந்தைகளுக்கு உறங்கும் நேரம் என்றோ உறங்குமுன் சடங்கு என்றோ அவர்கள் ஒன்றும் வைத்திருக்கவில்லை. கண் சொக்கும்போது எவர் மடியிலேனும் உறங்கின. நம் ஊர்த் திண்ணைகளைக் கண்டவர்க்கு இது புதிதன்று.

இனி, குழந்தை ஏன் விழிக்கிறது? இதற்கு விடை 1953க்குப் பின்னரே கிட்டியது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நதானியேல் கிளெயிட்மன் என்ற பேராசிரியரின் மாணவர் யூஜீன் அசெரின்ஸ்கி, உறங்கும் சிசுக்களின் இமைகளை மணிக்கணக்கில் உற்றுநோக்கும் சலிப்பூட்டும் பணியில் தொடங்கி, மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து அசையும் தனி உறக்கநிலை ஒன்று உண்டெனக் கண்டார். உறக்கம் அலை அலையாக வருவது. பெரியோர்க்கு ஓர் அலை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். சிசுவுக்கு ஒரு மணி நேரம் அளவே. ஒவ்வோர் அலையின் கரையிலும் எல்லாக் குழந்தைகளும் சற்று விழிக்கின்றன. சில தாமே திரும்பப் படுத்துக்கொள்கின்றன, சில துணை தேடுகின்றன. எனவே இரவில் விழிப்பது நோயன்று.

பகலுறக்கத்தின் கணக்கை 1982இல் அலெக்சாண்டர் போர்பேலி என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் தெளிவாக்கினார். விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் உறக்கத்தின் தேவை உடலில் ஏறிக்கொண்டே வரும், உறங்கினால் வடியும், உடலின் நாட்கடிகாரம் தனியே ஓடிக்கொண்டிருக்கும், இரண்டும் பொருந்தும் வேளையில் நல்லுறக்கம் வரும். ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகலுறக்கமும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரம் வேண்டும் என அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் வரையறுத்தது.

இவையெல்லாம் பின்னர்ப் படித்தவை. அந்த டிசம்பர் நிகழ்ச்சிக்குப் பின் ஊருக்குத் தொலைபேசியில் சொன்னோம். தை பிறந்ததும் அம்மா கும்பகோணத்திலிருந்து சென்னை வந்து, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு பயணம் செய்து புதுதில்லி வந்து இறங்கினார். வந்த நாள் எதுவும் கூறவில்லை. மறுநாள் முழுதும் வீட்டில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் ஜங்புராவை அடுத்த மதராசி முகாமிலிருந்து பேருந்தில் வரும் தமிழ்ப் பெண்மணி ஒருவர். மாலை நாலரைக்கு அவர் குழந்தையை உறங்க வைத்தார். ஆறரைக்கு நாம் வரும்போது அவள் எழுந்து முகம் மலர்ந்திருந்தாள். அன்றிரவு அம்மா கேட்டார்: “அஞ்சு மணிக்குத் தூங்க விட்டா, ராத்திரி ஒரு மணிக்கு அது விளையாடத்தான்டா கூப்பிடும். யாரு இப்படிப் பண்ணச் சொன்னது?”

அப்பெண்மணி தலைகுனிந்து நின்றார். தவறு அவருடையதன்று. நாம்தான் அவ்வாறு செய்யச் சொல்லியிருந்தோம். நண்பகலில் உறங்கிவிட்டால் மாலையில் நாம் வரும்போது குழந்தை சிணுங்குகிறாள். நாம் வரும் வேளையில் அவள் சிரித்திருக்க வேண்டும் என்பதற்காக அவளுடைய உறக்கத்தை நம் அலுவலக நேரத்துக்கு ஏற்ப நகர்த்தி வைத்திருந்தோம். போர்பேலியின் வரைபடத்தை அறியாத அம்மா அதை ஒரே நாளில் கண்டுகொண்டார்.

நண்பகல் பன்னிரண்டரைக்குச் சோறூட்டித் தூங்க வைப்பது, இரண்டரைக்குமேல் தூங்க விடாதது, மாலையில் வெயில் பட நடக்க விடுவது என்று அவர் முறைப்படுத்தினார். முதல் நான்கு நாட்கள் மாலைகளில் வீடு போர்க்களமாய் இருந்தது. பத்தாம் நாளுக்குள் இரவு விழிப்பு மூன்றிலிருந்து ஒன்றாயிற்று. அந்த ஒன்று மூன்று வயது வரை நீடித்தது. அது முற்றிலும் நின்றுவிட்டதாக எழுதினால் பொய்யாகும்.

தலைநகரத்துத் தமிழர் வரலாற்றில் இந்தப் பாட்டியின் இடம் எழுதப்படவில்லை. தலைநகர் கல்கத்தாவிலிருந்து மாற்றப்படும் என்று 1911இல் அறிவித்ததைத் தொடர்ந்து வந்த எழுத்தர்கள், பின்னர்க் கரோல்பாகிலும் வினய் நகரிலும் குடியேறியோர், அவர்தம் சங்கம், கோயில், பள்ளி ஆகியவை பற்றியெல்லாம் மலர்களில் படிக்கிறோம். கோடை இரவுகளில் மொட்டை மாடியிலும் முற்றத்திலும் நாடாக் கட்டில்களை வரிசையாகப் போட்டு நான்கு வீட்டுக் குழந்தைகள் ஒன்றாய் உறங்கியதை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரு குழந்தை எழுந்தால் எந்த வீட்டுத் தாய் முதலில் விழித்தாளோ அவள் தட்டிக் கொடுத்தாளாம். மின்விசிறியும் பின்னர்க் குளிர்சாதனமும் வந்து, ஒவ்வொரு குடும்பமும் கதவை மூடிக்கொண்டு உள்ளே போயிற்று.

சட்டம் தன்னால் இயன்றதைச் செய்திருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்றது; 1976இல் அது முப்பதாயிற்று. 2017ஆம் ஆண்டு மகப்பேற்று நலத் திருத்தச் சட்டம் ஐம்பது பேர் பணிபுரியும் நிறுவனங்களுக்கும் அதனை விரித்தது. ஆறாம் ஊதியக் குழுவையடுத்து 2008 முதல் மத்திய அரசுப் பெண் ஊழியர்க்கு 730 நாட்கள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு கிடைத்தது. இவற்றுக்குப் புறம்பே நின்றவர்களை எண்ணியவர் மீரா மகாதேவன். காந்தி நூற்றாண்டையொட்டி 1969இல் இராஜ்காட் அருகே கண்காட்சிக் கட்டடங்கள் எழும்பியபோது, சுமை சுமக்கும் பெண்களின் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்டு ஒரு கூடாரமடித்துக் காப்பகம் தொடங்கினார். ‘மொபைல் கிரஷஸ்’ என்னும் அமைப்பு அவ்வாறு பிறந்தது.

நம் மகளைப் பார்த்துக்கொண்ட பெண்மணிக்கும் ஒரு கைக்குழந்தை இருந்தது. அக்குழந்தையைப் பகலில் தூங்க வைத்தவள் அவருடைய ஒன்பது வயது மூத்த மகள் என்பது அம்மா கேட்டபின்தான் நமக்குத் தெரிந்தது. ஓராண்டுக்கு மேலாக நாம் கேட்டதில்லை. அதன்பின் அவர் அக்கைக்குழந்தையையும் உடன் கொண்டுவந்தார். நண்பகலில் இரண்டு குழந்தைகளும் ஒரே அறையில் உறங்கின. பாராபுல்லா வாய்க்காலோரம் இருந்த அந்த முகாம் நீதிமன்ற ஆணைப்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. முந்நூற்றெழுபது குடும்பங்களுள் 189 குடும்பங்கள் மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. அவ்வீடுகளும் நகரின் வடகோடியில் நரேலாவில். அவர் எந்தப் பட்டியலில் இருந்தார் என்று கேட்க அழைத்தபோது அந்த எண் வேறொருவருக்குப் போயிருந்தது.

தூளியைப் பற்றி ஒன்று எஞ்சியிருக்கிறது. அம்மா வந்த மூன்றாம் நாள் தூளி கட்ட வேண்டும் என்றார். அரசு வீட்டுக் கூரையில் ஆணியடிக்க அனுமதி இல்லை என்று விதியைச் சொன்னோம். அவர் காதில் வாங்காமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே அறையைச் சுற்றிவந்தார். சிறிய அறையின் நடுவில், மின்விசிறிக்கு இரண்டடி தள்ளி, சுண்ணாம்புக்குள் ஏதோ புடைத்திருந்தது. நாற்காலி போட்டு ஏறிச் சுரண்டினோம். வெள்ளை, அதற்கடியில் வெளிர்பச்சை, அதற்கடியில் மஞ்சள், மீண்டும் வெள்ளை. அவற்றுக்குள் கட்டைவிரல் பருமனில் ஓர் இரும்புக் கொக்கி. ஐம்பதுகளில் எழுந்த அந்தக் குடியிருப்பில் நமக்கு முன் வாழ்ந்த எந்தக் குடும்பமோ, எந்த மொழி பேசியவரோ, குழந்தைக்காகப் பதித்த கொக்கி. உட்புறம் கயிறு உராய்ந்து பளபளவென்று தேய்ந்திருந்தது. அம்மா தம் பழைய சேலையை அதில் கட்டினார்.

ஏழு குடியிருப்புகளை இடித்துப் புதிதாய்க் கட்ட 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சரோஜினி நகர் அவற்றுள் ஒன்று. மறு ஆண்டு நாம் இராமகிருஷ்ணபுரத்துக்கு மாறினோம். சாவியை ஒப்படைத்த அன்று பொருட்பட்டியலோடு வந்த ஊழியர் விசிறி, விளக்கு, குழாய் எனச் சரிபார்த்துக்கொண்டே வந்து, கூரையைக் காட்டி இது என்ன என்று கேட்டார். நாம் வருமுன்பே இருந்தது என்றோம். பட்டியலில் அப்படி ஒரு பொருள் இல்லை என்று கூறி, அவர் அடுத்த அறைக்குச் சென்றார்.